செத்த மீன் சொல்லாததை உயிருள்ள மீனின் ரத்தம் சொல்லும். எப்படி?

கரையோரம் மீன்கள் செத்து மிதக்கும் படம் ஒன்று உங்கள் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில நிமிடங்களில் குடும்பக் குழுவில் கேள்விகள் வரிசைகட்டும். "தண்ணியில என்ன கலந்துட்டாங்க?" "டெஸ்ட் பண்ணாங்களா?" "இந்த வாரம் மீன் வாங்கலாமா, வேணாமா?"

மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் பலரும் கேட்க மறக்கும் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. சாகாத மீன்கள் எப்படி இருக்கின்றன?

அவையும் அதே தண்ணீரில்தானே நீந்தின? அதே தண்ணீரைத்தானே செவுள் வழியாக உள்ளே இழுத்தன? செத்துக் கிடக்கும் மீன் "இங்கே ஏதோ நடந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அதன் ரத்தம் சீக்கிரமே உறைந்துவிடும், அணுக்கள் சிதைந்துவிடும். பிழைத்த மீனின் ரத்தமோ அதற்குமேல் பல விவரங்களைத் தரும்.

மீனுக்கும் பிளட் டெஸ்ட்டா என்று சிரிக்க வேண்டாம். பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதைச் செய்துவருகிறார்கள். அது எப்படி நடக்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பார்ப்போம்.

இது நமக்கு ஏன் முக்கியம்?

2019 மார்ச் மாதம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. அதிலிருந்து கிளம்பிய நச்சு வாயுவால் பள்ளி மாணவர்கள் உட்பட 2,000க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 111 பள்ளிகள் மூடப்பட்டன.

அந்த ஆறு போய்ச் சேரும் இடம் ஜொகூர் நீரிணை. அதன் எதிர்க்கரையில்தான் சிங்கப்பூர் இருக்கிறது. நம்முடைய கடல் மீன் பண்ணைகளில் பெரும்பாலானவை இருப்பதும் அதே நீரிணையில்தான். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரிணையைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. அதனால் ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கத்துக்குத் தாராளமாகப் போய்வர முடியாது.

கிம் கிம் கழிவு இங்குள்ள பண்ணைகளைப் பாதித்தது என்று சொல்ல வரவில்லை. இரண்டு கரையிலும் தொழிற்சாலைகள், துறைமுகங்கள், குடியிருப்புகள், நடுவில் நாம் சாப்பிடும் மீன். இப்படியோர் இடத்தில் ஏதாவது நடந்தால் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்போம் என்பதே கேள்வி.

மீன் சாவதற்கு எப்போதும் ரசாயனம்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2015இல் இதே நீரிணையில் 500 டன்னுக்கும் அதிகமான பண்ணை மீன்கள் மாண்டன. அதற்குக் காரணம் பல்கிப் பெருகிய நுண்ணுயிர்ப் பாசி. ஆகவே மீன் செத்து மிதந்தால், ஆக்சிஜன் குறைவா, பாசியா, நோயா, நச்சா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்ணீரைச் சோதித்தால் போதாதா?

தண்ணீரைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பாட்டில் தண்ணீர் என்பது ஒரு போட்டோ மாதிரி. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் காட்டும்.

நீரிணையில் தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓதம் ஏறும், இறங்கும். நேற்று இரவு கொட்டப்பட்ட ஒன்று, இன்று மதியம் அதிகாரிகள் பாட்டிலோடு வரும்போது கலைந்து போயிருக்கலாம். அப்போது ஆய்வறிக்கை "அளவு இயல்பாக உள்ளது" என்று சொல்லும். அறிக்கையில் தவறில்லை. ஆனால் அது முழுக் கதையும் இல்லை.

மீன் அங்கேயே கிடக்கிறது. 24 மணி நேரமும் அதன் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடுகிறது. செவுளில் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே தடிமனுள்ள மெல்லிய சவ்வு. ஆக்சிஜன் நுழையும் அதே வாசலில் பல நச்சுப்பொருள்களும் நுழைந்துவிடும். தண்ணீர் கலைந்து போன பிறகும், அது விட்டுச்சென்ற தடயம் ரத்தத்தில் சில நாள்களோ சில வாரங்களோ தங்கும்.

தண்ணீர்ச் சோதனை ஒரு போட்டோ என்றால், மீனின் ரத்தத்தை ஒரு டைரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தை எப்படி எடுப்பார்கள்?

முதலில் மீனை மயக்க வேண்டும். அதற்குப் பயன்படும் பொருள்களில் ஒன்று உங்கள் சமையலறையிலேயே வாசம் வீசும்: கிராம்பு எண்ணெய். அதைக் கொஞ்சம் கலந்த தண்ணீரில் விட்டால் மீன் அடங்கிவிடும். பிறகு வால் பக்கம், முதுகெலும்புக்குக் கீழே ஓடும் ரத்தக்குழாயில் மெல்லிய ஊசியைச் செருகி ரத்தம் எடுப்பார்கள்.

மீனின் உடல் எடையில் சுமார் 3 முதல் 5 விழுக்காடு ரத்தம். அரைக் கிலோ எடையுள்ள ஒரு கொடுவாவின் உடலில், அதாவது சந்தையில் நாம் சியாக்காப் என்று வாங்கும் மீனில், ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கும். பல சோதனைகளுக்கு அதில் 1 மில்லிலிட்டர்கூட வேண்டாம். சரியாகச் செய்தால் மீனைக் கொல்லாமல் திரும்ப நீரில் விட்டுவிடலாம். அதே மீனையே சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிக்கலாம்.

ஆனால் ஒன்று, வேகம் முக்கியம். மீனை வலையில் பிடித்த சில நிமிடங்களிலேயே பயத்தில் அதன் உடலில் கார்ட்டிசோல் ஹார்மோன் ஏறத் தொடங்கும், சர்க்கரையும் கூடும். தாமதித்தால் உங்களுக்குக் கிடைப்பது நச்சின் கதையா, வலையின் கதையா என்று தெரியாமல் போய்விடும்.

ரத்தத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

கிளினிக்கில் உங்கள் ரத்தத்தில் பார்ப்பவை பலவும் இங்கேயும் உண்டு.

ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் அடைத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மொத்த உயரத்தில் அவை எவ்வளவு பங்கு என்று அளப்பார்கள். வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் அது ரத்தசோகை. செவுளோ, ரத்தம் உற்பத்தியாகும் உறுப்போ பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்தது ஏஎல்டி, ஏஎஸ்டி எனும் நொதிகள். அப்பா அம்மாவின் மெடிக்கல் ரிப்போர்ட்டில் இந்த எழுத்துகளைப் பார்த்திருப்பீங்க. வழக்கமாக இவை உயிரணுவுக்குள் இருப்பவை. கல்லீரல் போன்ற உறுப்புகளின் அணுக்கள் சிதைந்தால் வெளியே கசிந்து ரத்தத்தில் ஏறும். மீனிலும் அப்படித்தான்.

மூன்றாவது சோதனைக்கு மீன் நம்மைவிட வசதியானது. மனிதச் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை இழந்துவிடும். மீனின் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்கும். மரபணுவைச் சேதப்படுத்தும் பொருள் உடலுக்குள் போனால், அணு பிரியும்போது ஒரு துண்டு பிய்ந்து, உட்கருவின் பக்கத்தில் குட்டிப் புள்ளியாக நிற்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைத் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான அணுக்களைப் பார்த்து அந்தப் புள்ளிகளை எண்ணுவார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

இவை எல்லாம் நம்ம வீட்டுக் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி மாதிரி. அலாரம் அடிக்கும். ஆனால் அது தாளிப்புப் புகையா, உண்மையான தீயா என்று சொல்லாது. எந்த நச்சு என்று தெரிய வேண்டுமானால் இன்னும் குறிப்பான தடயம் வேண்டும்.

எந்த நச்சு என்றும் ரத்தம் சொல்லுமா?

சில நச்சுகளுக்குச் சொல்லும். அவை ரத்தத்தில் கைரேகையை விட்டுச் செல்கின்றன.

மிக எளிய உதாரணம் நைட்ரைட். நன்னீர்க் குளத்தில் கழிவு சேர்ந்து நைட்ரைட் கூடினால், அது செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை மாற்றிவிடும். மாறிய ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ரத்தம் சாக்லெட் நிறத்துக்குப் போய்விடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை, கண்ணே போதும். அனுபவமுள்ள மீன் வளர்ப்பவர்கள் உடனே குளத்தில் உப்பைக் கரைப்பார்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக நுழைவதைத் தடுக்கும்.

இன்னோர் உதாரணம் ஈயம். ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான ஒரு நொதியை ஈயம் முடக்கிவிடும். மனிதர்களிடம் ஈய நச்சைக் கண்டறியவும் இதே நொதியை அளப்பதுண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிக் ரிவர் எனும் ஆறு, பழைய ஈயச் சுரங்கங்களின் கழிவு சேர்ந்த ஆறு. அங்குள்ள மீன்களின் ரத்தத்தில் இந்த நொதியின் செயல்பாடு குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அந்த மீன்கள் செத்து மிதக்கவில்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாக நீந்திக்கொண்டுதான் இருந்தன.

ஆண் மீனுக்குள் முட்டைப் புரதம்

எல்லாவற்றிலும் விசித்திரமான கைரேகை பிரிட்டனில் கிடைத்தது.

மீன் முட்டையின் மஞ்சள் கரு உருவாக ஒரு புரதம் வேண்டும். பெயர் விட்டெல்லோஜெனின். பெண் ஹார்மோன் கட்டளையிட்டால் கல்லீரல் அதைத் தயாரித்து ரத்தத்தில் விடும். ஆண் மீனுக்கு அது தேவையே இல்லை. அதன் ரத்தத்தில் இந்தப் புரதம் கிட்டத்தட்ட இருக்காது.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் விடப்படும் இடங்களில் ஆய்வாளர்கள் டிரவுட் மீன்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சில வாரங்களில் ரத்தத்தைச் சோதித்தபோது இந்த முட்டைப் புரதம் 500 மடங்கிலிருந்து 100,000 மடங்கு வரை ஏறியிருந்தது. 1994இல் அந்த முடிவுகள் வெளியாயின. காரணம் என்ன என்று தேடியதில், நம் உடலிலிருந்து சிறுநீரில் வெளியேறும் இயற்கையான பெண் ஹார்மோன்களும், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோனும் முக்கியமானவை என்று தெரியவந்தது.

யோசிச்சுப் பாருங்க. இதில் சட்டத்தை மீறிய ஆலை எதுவும் இல்லை. யாரும் ராத்திரியில் லாரியில் வந்து கொட்டவில்லை. வீட்டுக் கழிவறையிலிருந்து, சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி வந்த பொருள். தண்ணீரில் அதன் அளவு மிக மிகக் குறைவு. மீனின் ரத்தம்தான் அதை முதலில் காட்டிக்கொடுத்தது.

சரி, ரத்தத்தில் ஒரு புரதம் ஏறினால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். கனடாவில் அதற்கும் பதில் கிடைத்தது. ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அதில் ஒன்றில் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகாலங்களுக்கு, கருத்தடை மாத்திரையின் செயற்கை ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். ஒலிம்பிக் நீச்சல் குளம் நிறைய தண்ணீர் எடுத்தால்கூட அதில் இந்த ஹார்மோன் 15 மில்லிகிராமைத் தாண்டாது. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

ஏரியிலிருந்த ஃபேட்ஹெட் மின்னோ எனும் சிறு மீன்களில் ஆண்களின் உடலில் முட்டைப் புரதம் எகிறியது. பெரிய மீன்கள் உடனே சாகவில்லை. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் குஞ்சுகள் காணாமல்போயின. அந்த ஏரியில் அந்த இனமே அழியும் நிலைக்குப் போனது. ஹார்மோன் கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆன பிறகுதான் எண்ணிக்கை மீண்டது.

உடலில் அடையாளம் முதலில் வந்தது. அழிவு பிறகு வந்தது. நடுவில் இருந்த அந்த இடைவெளியில்தான் ஏதாவது செய்ய முடியும்.

சாவை மட்டும் எண்ணினால் என்ன ஆகும்?

ஒரு ரசாயனம் மீனுக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்க்க நீண்ட காலமாக இருக்கும் சோதனை ஒன்று உண்டு. மீன்களை 96 மணி நேரம் அந்த ரசாயனத்தில் விடுவார்கள். எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றன என்று பார்ப்பார்கள். அந்த எண்ணைக் கொண்டு ரசாயனங்களைத் தரம் பிரிப்பார்கள்.

அது பயனுள்ள எண்தான். ஆனால் கனடா ஏரியில் கலந்த அளவை இந்தச் சோதனையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு நாளில் மீன்கள் சாகாது. "பிரச்சினை இல்லை" என்று தாளில் எழுதியிருப்பார்கள்.

இதனால் விதிமுறைகளும் மாறின. பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பான ஓஇசிடி 2009இல் ஏற்றுக்கொண்ட மீன் சோதனை வழிகாட்டிகளில், ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களைக் கண்டறிய முட்டைப் புரதத்தை அளப்பதும் சேர்ந்தது. எத்தனை மீன்கள் செத்தன என்று எண்ணுவதோடு, உயிரோடு இருப்பவற்றுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்கிறார்கள்.

அப்படியானால் ரத்தச் சோதனை மட்டும் போதுமா?

போதாது. மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, மீனைச் சாப்பிடலாமா என்பதற்கு இது பதில் ஆகாது. அதற்கு நாம் உண்ணும் சதையில் பாதரசம், ஈயம் போன்றவை எவ்வளவு இருக்கின்றன என்று தனியாக அளக்க வேண்டும். ரத்தம் மீனின் நலத்தைச் சொல்லும். உங்கள் தட்டின் பாதுகாப்பைச் சதைதான் சொல்லும். வாட்ஸ்அப்பில் இரண்டையும் குழப்பி வரும் செய்திகளை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, ரத்தசோகைக்கு நச்சுதான் காரணம் என்றில்லை. ஒட்டுண்ணியும் காரணமாகலாம், சத்துக் குறைவும் காரணமாகலாம். தண்ணீரின் வெப்பம், உப்பின் அளவு, மீனின் வயது, இனப்பெருக்கக் காலம் எல்லாமே எண்களை மாற்றும்.

மூன்றாவது, கொட்டியவர் யார் என்று ரத்தம் பெயர் சொல்லாது. தண்ணீர், அடிமண், மீனின் சதை, ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

இயல்பு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துப் பாருங்கள். உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் "இயல்பான அளவு" என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தி இல்லையென்றால் உங்கள் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நலமாக இருக்கும் ஏராளமானோரின் ரத்தத்தை அளந்துதான் அந்தப் பத்தியை நிரப்பினார்கள்.

மீனுக்கும் அந்தப் பத்தி வேண்டும். கொடுவாவுக்குத் தனியாக, களவாவுக்குத் தனியாக. பருவமழைக் காலத்துக்கு ஒன்று, வெயில் காலத்துக்கு ஒன்று. டிரவுட் மீனின் எண்ணை வைத்து நம்ம ஊர்க் கொடுவாவை எடைபோட முடியாது. குளிர்நீர் மீனும் வெப்பமண்டல மீனும் ஒன்றல்ல.

அந்த எண்களை விபத்து நடந்த பிறகு சேகரிக்க முடியாது. அப்போது கிடைப்பது பாதிக்கப்பட்ட மீன் மட்டுமே. எதோடு ஒப்பிடுவது? தூரத்தில் வேறோர் இடத்து மீனோடு ஒப்பிடலாம், பிரிட்டனில் செய்ததுபோல் நலமான மீனைக் கூண்டில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் உதவும். ஆனால் அதே இடத்தில், அதே இனத்தில், எல்லாம் சரியாக இருந்த நாளில் எடுத்த ரத்தத்துக்கு அவை ஈடாகாது.

இதில் பணமும் நீதியும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. மலேசியா தன் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை 2024இல் திருத்தி, சில குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தியது. அபராதம் பெரிதாகும்போது வாதமும் பெரிதாகும். "அந்த மீன்கள் முன்பே அப்படித்தான் இருந்தன" என்று ஒரு வழக்கறிஞர் சொன்னால், மறுக்கக் கையில் பழைய எண் வேண்டும். இழப்பீடு கேட்கும் மீனவருக்கும் பண்ணைக்காரருக்கும் அந்த எண்தான் சாட்சி.

எதுவும் நடக்காத, செய்தியில் வராத ஒரு சாதாரண நாளில் சில மீன்களைப் பிடித்து, ஒரு மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, எழுதிவைத்துவிட்டு, மீண்டும் நீரில் விடும் வேலை இது. யாரும் போட்டோ எடுத்துப் பகிர மாட்டார்கள். ஆனாலும் அதைத் தொடர்ந்து செய்துவந்தால்தான் அடுத்த விபத்தின்போது கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

எனவே அடுத்த முறை அப்படியொரு படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், "தண்ணியை டெஸ்ட் பண்ணாங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. பிழைத்த மீன்களைச் சோதித்தார்களா, எத்தனை நாள் கழித்து, எதோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.